கயிறு பிடிக்கிற ஆள்

விடிந்தும் விடியாத நேரத்தில், 'கடல்ராஜா'வின் வயிற்றிலிருந்து ஒரு பழைய ஏ.சி. யூனிட் படிப்படியாக மேலே வந்துகொண்டிருந்தது. கீழே செந்தூர்பாண்டி முதுகால் முட்டுக்கொடுத்தான். மேலே நின்ற பேச்சிராஜா அதன் துருப்பிடித்த சட்டத்தைப் பற்றி இழுத்தான். யூனிட் சாய்ந்தது. அதன் அடித்தட்டில் தேங்கிக்கிடந்த தண்ணீர் முழுவதும் பேச்சிராஜாவின் மார்பில் கொட்டியது. செத்த நண்டின் நாற்றம்.

"குளிச்சாச்சா அண்ணாச்சி?" என்றான் செந்தூர்பாண்டி. "இனி சாம்பிராணி போட்டாப் போதும்."

"ஏலே, வாயி போற வேகத்துக்கு முதுகும் போகட்டும். தூக்கு."

காலுக்குச் செருப்பு கிடையாது. தேக்குத் தளத்தில் கறை படிந்துவிடும் என்று மேனேஜர் தடை போட்டிருந்தார். வேலைக்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் போகிற மாதிரி வெறுங்காலோடு ஏறினார்கள். நேற்று ஒரு திருகாணி பேச்சிராஜாவின் பெருவிரலைக் கிழித்தது. மேனேஜர் முதலில் குனிந்து பார்த்தது தளத்தைத்தான்.

பெயர்தான் கடல்ராஜா. அந்த உல்லாசப் படகு துறைமுகத்தின் வாயைத் தாண்டுவது வருஷத்துக்கு நாலு தடவை இருந்தால் அதிகம். அப்போதும் பக்கத்திலேயே இருக்கிற வான் தீவு கண்ணில் படுகிற தூரம் வரை போய், வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பும். வாந்தியெடுப்பது படகல்ல, அதன் முதலாளி ஜெயகணேஷ். கப்பல் ஏஜென்சியும் உப்பளங்களும் வைத்திருப்பவர். போன தை மாதம் அவர் கொடுத்த விருந்தில், சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதருக்கு வேர்த்து, பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதாம். அந்த ஒரு முதுகு அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவருடைய உப்பளத்தில் வெயிலில் காய்கிற நூறு முதுகுகள் ஒருநாளும் அவர் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

அதனால் கட்டிலுக்கடியில் இருந்த பழைய யூனிட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, படகின் அடிவயிற்றில் ஒரே பெரிய எந்திரத்தை வைத்து, அதிலிருந்து குளிர்ந்த நீரைக் குழாய் வழியே எல்லா அறைக்கும் அனுப்ப ஏற்பாடு. ஹாலில் கண்ணாடிக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். கடல்காற்றும் வர வேண்டும், சூடு பதினாறு டிகிரிக்கு மேல் ஏறவும் கூடாது.

"சார், கதவத் தொறந்து போட்டா மன்னார் வளைகுடாவையே சேத்துல்லா குளுர வைக்கணும்," என்று மெக்கானிக் கிளாட்வின் சொல்லிப் பார்த்தான்.

"அதுக்குத்தானே இவ்வளவு பெரிய மெஷின் வாங்கியிருக்கு?" என்றார் ஜெயகணேஷ்.

இந்தக் கிளாட்வின்தான் பேச்சிராஜாவின் தங்கை ஜெயபிரியாவின் புருஷன். ஸ்ரீவைகுண்டத்து வயக்காட்டில் வளர்ந்த தங்கை, தூத்துக்குடி மாதா கோவிலில் மாலை மாற்றி நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தியவன்தான் பேச்சிராஜா. ஆனால் அடுத்த வருஷமே, செந்தூர்பாண்டி எதேச்சையாக ஒரு தகவல் சொன்னான்: கிளாட்வின் கப்பல்களின் அடித்தட்டுக் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறான், அவனுக்குக் கயிறு பிடிக்கச் சரியான ஆள் இல்லை. மறு திங்கட்கிழமை பேச்சிராஜா துறைமுகத்தில் வந்து நின்றான்.

"ஒனக்காக வரல. அவ வெள்ளச்சேல கட்டக் கூடாதுன்னு வந்தேன்," என்றான்.

கிளாட்வினின் அப்பா சங்கு குளித்தவர். சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில்தான் கொடுப்பான். சொந்த அண்ணன் தம்பிகூடச் சொத்தை நினைத்துக் கை நழுவ விடலாம். தங்கச்சி தாலியை நினைக்கிறவன் விட மாட்டான். அந்த வழக்கத்தைத்தான் கிளாட்வின் ஏ.சி. வேலைக்குக் கொண்டுவந்தான். தோள் நுழையத் திணறுகிற வாய், உள்ளே இருட்டு. ஏ.சி. வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உள்ளே இருப்பவன் தூங்குகிற மாதிரிச் சாய்ந்துவிடுவான். அதனால் இறங்குகிறவன் ஒவ்வொருவனுக்கும் மேலே ஓர் ஆள். மேலிருந்து ஒரு சுண்டு சுண்டினால், 'இருக்கியா?' கீழிருந்து இரண்டு சுண்டு வந்தால், 'இருக்கேன்.' பதில் வராவிட்டால் கேள்வி கேட்காமல் இழுத்துப் போட வேண்டியதுதான்.

மூன்று வருஷமாக மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இந்தச் சுண்டுகளில்தான். கிளாட்வின் வாய் நிறைய "மச்சான்" என்பான். பேச்சிராஜாவிடமிருந்து "ஏய்", "இந்தா" என்பதற்கு மேல் வராது. ஜெயபிரியா தினமும் இரண்டு தூக்குச்சட்டி கொடுத்தனுப்புவாள். ஒன்று அண்ணனுக்கு. அவன் தின்றுவிட்டு, கழுவி, ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பி அனுப்புவான்.

அன்று வியாழக்கிழமை. எட்டு மணிக்கு ஜெயகணேஷ் வந்தார். முன்பக்கக் குழியின் வாயில் கூட வேலை பார்க்கிற சொரிமுத்துவும் பின்பக்கக் குழியின் வாயில் பேச்சிராஜாவும் கயிற்றோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இவங்க ரெண்டு பேரும் என்ன, மாடு மேய்க்கிறாங்களா?"

கிளாட்வின் குழியிலிருந்து தலையை நீட்டி விளக்கினான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை கெஸ்ட் வர்றாங்க. நாலு பேர்ல ரெண்டு பேர் கயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா எப்ப முடியும்? ரெண்டு பேரும் யூனிட் தூக்கட்டும். அப்புறம், பழைய கேஸ சிலிண்டர்ல புடிக்கிறேன்னு யூனிட்டுக்கு அரை நாள் ஓட்டுறீங்களாமே? குழாய வெட்டி விடுங்க. காத்துதானே, போயிட்டுப் போகுது."

"சார், அது மேல போவாது. கீழதான் தங்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. இஷ்டம் இல்லாதவங்க செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பலாம்."

யாரும் கிளம்பவில்லை. "விடுங்கண்ணே, ரெண்டு நாளுதான," என்றான் செந்தூர்பாண்டி. கிளாட்வின் உதட்டைக் கடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். முதுகெலும்பு இல்லாத பயல் என்று பேச்சிராஜா மனதுக்குள் ஏசினான். ஏசியபடியே தன் கையிலிருந்த கயிற்றையும் சுருட்டிக் கீழே வைத்தான்.

செந்தூர்பாண்டிக்கு ஊர், தூத்துக்குடியை ஒட்டிய புதுக்கோட்டை. குழிக்குள் கிடந்து வேலை பார்க்கும்போது, திருநெல்வேலி பஸ் கண்டக்டர் மாதிரி ஊர்ப்பெயர்களைக் கூவுவது அவன் பழக்கம். அன்றும் முன்பக்கக் குழியிலிருந்து, குழாயை வெட்டுகிற சத்தத்தோடு குரல் வந்துகொண்டிருந்தது.

"புதுக்கோட்ட, புதுக்கோட்ட! எறங்குத ஆச்சி, கோழிய மறந்துராதீக! வாகைக்குளம்! பிளேனுக்குப் போறவுக எல்லாம் எறங்குங்க! வல்லநாடு... வல்ல..."

பேச்சிராஜா யூனிட்டைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பினான். பஸ் வல்லநாட்டைத் தாண்டவில்லை.

"ஏலே பாண்டி, பஸ்ஸு பஞ்சரா?"

பதில் இல்லை. ஓடிப்போய் முழங்காலிட்டு விளக்கை அடித்தான். இரண்டு பாதங்கள் தெரிந்தன. அசையவில்லை. அவன் குழிக்குள் காலை விட்டதும் பின்னாலிருந்து ஒரு கை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. சத்தம் கேட்டுப் பின்பக்கக் குழியிலிருந்து ஏறி வந்த கிளாட்வின்.

"நீங்க எறங்குனா ரெண்டு பொணம் மச்சான். கயித்த எடுங்க!"

கிளாட்வினின் இடுப்பில் முடிச்சு விழுந்தது. இன்னொரு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, மூன்று முறை குட்டையாக மூச்சை விட்டு, நாலாவதை நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்து அடக்கினான், அவன் அப்பா கடலில் இறங்குகிற மாதிரி. பிறகு தலைகீழாக உள்ளே போனான்.

பேச்சிராஜா ஒரு சுண்டு சுண்டினான். இரண்டு வந்தது. உள்ளங்கையில் கயிறு வழுக்கி ஓடியது. மறுபடி சுண்டினான். கொஞ்சம் தாமதித்து இரண்டு வந்தது. அதற்குள் பாண்டியைக் கட்டிய மற்றக் கயிறு விறைத்தது. சொரிமுத்து பல்லைக் கடித்து இழுத்தான். செந்தூர்பாண்டியின் தோள் குழிவாயில் மாட்டி, சட்டை கிழிந்து, மீன் மாதிரி வெளியே வந்து விழுந்தான்.

பேச்சிராஜா மூன்றாவது முறை சுண்டினான்.

ஒன்றும் வரவில்லை.

"மாப்ளே!"

நாலு வருஷம் தொண்டையில் கிடந்த சொல் அது. அலறிக்கொண்டே இழுத்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. கிளாட்வினின் தலை வெளியே வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. காற்றை விழுங்கினான், இருமினான், அப்படியே தேக்குத் தளத்தில் வாந்தியெடுத்தான்.

"டெக்கு, டெக்கு!" என்று மேனேஜர் ஓடி வந்தார். செந்தூர்பாண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் ஹால் வழியாக ஓடப்போனபோது, "அந்தப் பக்கம் கார்ப்பெட் இருக்கு, இப்படிச் சுத்திப் போங்க!" என்று கை காட்டினார். அவர் சொன்னபடி சுற்றிக்கொண்டு போக அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. கார்ப்பெட் மேலேயே போனார்கள்.

மறுநாள் விடியற்காலையில் மூன்று பேரும் படகடியில் நின்றார்கள். காலில் செருப்பு இருந்தது. யாரும் மேலே ஏறவில்லை. செந்தூர்பாண்டி ஆஸ்பத்திரியில் கண் திறந்திருந்தான், இன்னும் பேசவில்லை.

ஜெயகணேஷ் காரிலிருந்து இறங்கும்போதே தொடங்கிவிட்டார். "அவன் காலையில வெறும் வயித்தோட வந்திருப்பான். மயக்கம் வந்திருக்கு."

"நாலு இட்லி தின்னான்," என்றான் பேச்சிராஜா. "எனக்குன்னு என் தங்கச்சி குடுத்து விட்டது. நாந்தான் பங்கு வச்சேன்."

"சரி, ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன். ஒரு மனிதாபிமானம்தான். வேலைய ஆரம்பிங்க."

"மனிதாபிமானத்த வீட்ல வைங்க சார்," என்றான் கிளாட்வின். குரல் கம்மியிருந்தாலும் தடுமாறவில்லை. "எங்களுக்கு வேண்டியது வேற. குழிக்குள்ள எறங்குத ஒவ்வொருத்தனுக்கும் மேல ஒரு ஆளு. கேஸ சிலிண்டர்ல புடிச்ச பொறவுதான் குழாயில கை வைப்போம். உள்ள காத்தடிக்க ஃபேன். பாண்டி எந்திரிச்சு வேலைக்கு வார வரைக்கும் அவன் சம்பளம். எழுதிக் குடுங்க."

"கயிறு புடிக்கிறதுக்குச் சம்பளமா? அதெல்லாம் ஒரு வேலையா?"

பேச்சிராஜா துணி சுற்றிய கையால் படகின் முனையைக் காட்டினான். "ஒங்க படகையும் அங்கன ஒரு கயிறுதான் புடிச்சுக்கிட்டு நிக்கி. வேல இல்லாத கயிறுதான? அவுத்து விடட்டுமா சார்?"

சொரிமுத்து சிரித்துவிட்டான். ஜெயகணேஷின் முகம் சிவந்தது. "ஒரு போன் போட்டா பத்து மெக்கானிக் வருவான்," என்று செல்போனை எடுத்தார்.

பத்துப் பேர் வரவில்லை. ஒன்பது மணிக்குக் காயல்பட்டினத்திலிருந்து முஹ்யித்தீன் இரண்டு ஆட்களோடு ஒரு வேனில் வந்தார். துபாயில் பதினெட்டு வருஷம் இப்படிப்பட்ட படகுகளில் வேலை பார்த்தவர், நரைத்த தாடி. படகடியில் நின்ற மூன்று பேரும் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார். நேராக மேலே போய், முன்பக்கக் குழியின் மூடியைத் தூக்கி, குனிந்து பார்த்தார். வெட்டிவிட்ட குழாயைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பாண்டியின் கிழிந்த சட்டைத் துண்டையும் பார்த்தார்.

"மேல நிக்கிற ஆளு யாரு?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றார் ஜெயகணேஷ்.

"எறங்குறவன் மவுத்தாயிட்டானா உசுரோட இருக்கானான்னு பாக்கத்தான்."

"உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்குத்தானே காலங்காத்தால வேன் புடிச்சு வந்திருக்கோம்." முஹ்யித்தீன் குழியின் மூடியை மெதுவாக வைத்து அழுத்தினார். "அங்கே வெள்ளைக்கார மொதலாளியளும் மோசமானவனுவதான். ஆனா ஆளு நிறுத்தாமக் குழியில எறக்க மாட்டானுவ. அந்தப் பிள்ளையள் கேட்டத எழுதிக் குடுங்க. நாங்களும் சேந்து செய்யுறோம்."

படியிறங்கி வந்தவர், தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு, பிடுங்கிப் போட்டிருந்த பழைய யூனிட்டுகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். அவரும் உட்கார்ந்தார்.

ஜெயகணேஷ் வெயில் பொறுக்காமல் தன் ஹாலுக்குள் போனார். பழைய ஏ.சி. பிடுங்கியாயிற்று, புதியது மரப்பெட்டிக்குள் கிடந்தது. நாலு பக்கமும் கண்ணாடி. அஞ்சு நிமிஷம் தாங்கவில்லை. போனில் யாரையோ திட்டிக்கொண்டே வெளியே வந்து, அவர்களுக்கு முதுகு காட்டி நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீயளா," என்றான் சொரிமுத்து, "கெஸ்ட்டு வாரதுக்கு முன்னாலயே நனஞ்சுட்டாரு."

கிளாட்வினின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செந்தூர்பாண்டி. கரகரத்த குரல் எல்லோருக்கும் கேட்டது. "வல்லநாடு தாண்டியாச்சுண்ணே. பாளையங்கோட்டை எறங்குறவுக எல்லாம் எறங்குங்க."



ஜெயகணேஷ் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். திரும்பி வரும்போது யாரோடு வருவாரோ தெரியாது. பேச்சிராஜா தூக்குச்சட்டிகளைத் திறந்தான். இரண்டு பேருக்கான இட்லியை ஏழு பேர் பிட்டுத் தின்றார்கள். கழுவிய சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தவன், கிளாட்வினிடம் கை நீட்டினான்.

"மாப்ளே, அந்தப் போனக் கொஞ்சம் குடும்."

எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் மணி இரண்டு முறை அடித்து எடுக்கப்பட்டது.

"ஏளா, நாந்தான். நாளைக்கு எட்டுப் பேருக்கு இட்லி வேணும். கூடவும் ஆகலாம்."

நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜெயபிரியா கேட்டாள்:

"சட்னி போதுமா அண்ணே, இல்ல சாம்பாரும் வைக்கட்டா?"