திரைக்குப் பின்னால் ஒரு பெண்

பெண்களைத் தூக்கிவந்து மணக்கும் வழக்கத்தை எதிர்த்து வாதாடியே நாட்டின் உயரிய சட்ட விருதை வாங்கியவள் பெர்மெத். அன்று தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தாள். விருந்துக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. கூடத்து மூலையில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க பையன்தான் தூக்கிட்டு வந்திருக்கான், அண்ணி," என்று சிரித்தாள் நாத்தனார். "ஆடும் அறுத்தாச்சு, ஆளுங்களும் வந்தாச்சு. இந்த வெள்ளை முக்காட்டை அவ தலையில போட்டுவிடுங்க, கல்யாணம் முடிஞ்சுது."

திரையை விலக்கிய பெர்மெத்தைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "உங்கள டிவில பாத்தேம்மா! நீங்க என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்க."

பெர்மெத் பதக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"வந்தவங்க போகட்டும்மா. அதுவரைக்கும் சத்தம் போடாதே," என்றாள், நாத்தனாரிடமிருந்து முக்காட்டை வாங்கிக்கொண்டே.

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, முக்காட்டுக்குத் தலையைக் குனிந்தாள்.