கண் பூத்தலுக்குச் சான்று

“அகராதியில அச்சேறின பொருள் பிழை ஐயா. திருத்துங்க. சான்றுன்னு இருக்கிற இடத்துல என் அம்மாவப் போடுங்க.”

ஐயா எழுதிய பொருளில் கைவைக்கும்படி மட்டும் ஒருநாளும் கேட்டுவிடாதே என்று, பணியில் சேர்ந்த அன்றே மெய்ப்புத் திருத்தும் அக்காள் அவள் காதைக் கடித்திருந்தாள். நான்காண்டு கேளாதிருந்தவள் அன்று கேட்டுவிட்டாள்.

நற்றமிழ் நயக்கும் நெஞ்சத்தீர், அவ்விடத்தைச் சற்றே நோக்குமின். முற்பகல் வெயில் உயர்ந்த பலகணி வழியே சாய்ந்திறங்க, அகரம் தொடங்கி நிரல்பட அடுக்கிய மரப்பேழைகளுள், சொல்லுக்கொரு சீட்டாக எண்ணிறந்த சீட்டுகள், வாய்திறவா நெற்றினுள் விதைகளேபோல் ஒடுங்கிக் கிடக்கும் அகரமுதலிக் கூடம் அது. ‘பூத்தல்’ என்னும் சொல் அவள் பங்குக்கு வந்தது. மலர்தலாய், பொலிதலாய், பூஞ்சணம் படர்தலாய், தணலை நீறு மூடுதலாய் அச்சொல் கிளைத்துச் செல்லும் வழியெல்லாம் தொடர்ந்து சென்றவள், ‘கண் பூத்தல்: களிப்பால் விழி மலர்தல்’ என முந்தைய பதிப்பில் கண்டு திகைத்து நின்றாள். தெருவில் நால்வரைக் கேட்டிருந்தால் நேராத பிழை, நாற்காலியை விட்டெழாமல் பூவென்றால் களிப்பேயென்று உய்த்துணர்ந்ததால் நேர்ந்தது. தையற்கூடத்தில் பொத்தான்துளை தைக்கும் அவள் தாயோ, மகள் கல்லூரியிலிருந்து பிந்திவந்த மாலைகளிலெல்லாம் வாயிலில் நின்று, “உன் வழியப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சுடி” என்பாள். அக்கண்களில் களிப்பில்லை, ஒளி மங்கிய அயர்வே இருந்தது.

முதன்மைத் தொகுப்பாளரான ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மா படிச்சவங்களா?”

“கைநாட்டு.”

“நூற்சான்று இல்லாம நாம எதையும் ஏத்துறதில்லையேம்மா. ஒண்ணு செய்வோம். அந்த வரிய என் அடுத்த கட்டுரையில எழுதிடறேன். அப்புறம் அதையே சான்றாக் காட்டிக்கலாம்.”

“எங்கம்மா சொன்னா வெறும் பேச்சு, அதையே நீங்க எழுதினா சான்று. நல்லாருக்கு ஐயா நியாயம்.”

அக்காள் மெய்ப்புத்தாளுக்குள் முகம் புதைத்துச் சிரிப்பை விழுங்கினாள்.

“பொறுமையா இரு. ஒருநாள் நீயே இந்த நாற்காலியில உக்காரலாம்” என்றார் ஐயா.

“உக்காந்தா எனக்கும் காது கேக்காமப் போயிடும்.”

நெடுநாள் நீறு பூத்திருந்த தணல் ஒரே மூச்சில் கனன்றது. தாயின் வாக்கை எழுதியிருந்த தன் சீட்டை எடுத்து மடித்துக்கொண்டாள். “‘வி’ பேழையத் திறந்து பாருங்க ஐயா. விலகல் கடிதம் இருக்கு. காலையிலயே அகரவரிசைப்படி வெச்சுட்டேன்.”

ஏட்டில் இடம்பெறாத சொல்லும், அதனை ஆளும் வாயுள்ளவரை வாடுவதில்லை. அதனை நன்கறிந்தவளாய், தாய் வேலை முடிந்து வெளிவரும் வாயிலில் இன்று தானே காத்து நிற்பதற்காக, அவள் படியிறங்கி வெயிலுள் நடந்தாள்.