ஈரக்காற்று இல்லாத ஊர்

கடைசியாக வீரபாகு மனைவியிடம் போனில் கேட்டது, என்ன குழம்பு என்றுதான்.

“சாளை மீனு,” என்றாள் செல்லக்கனி. அவள் தூத்துக்குடியில் அடுப்படியில் நின்றிருந்தாள். அவன் ஜோத்பூருக்கு வடக்கே, மணல்காட்டு ஊர் ஒன்றில், சரக்கு அடுக்கும் கிட்டங்கி வாசலில் நின்றிருந்தான். நிலாவாரை இலை வாங்க வருஷந்தோறும் அங்கே போவான். மலச்சிக்கல் மருந்துக்காக இங்கிருந்து கப்பலேறும் இலை அது.

“இங்கன ரொட்டியும் கடுகெண்ணெயும்தான். நாக்கு செத்துப்போச்சு ஏளா.”

“பொறவு ஏன் போறீய? விளாத்திகுளத்துல இல்லாத எலையா?”

“அங்கன இப்ப எவன் போடுதான்? எல்லாரும் மக்காச்சோளத்துக்குப் போயாச்சு. இதப் பாரு.” போனைத் திருப்பிக் காட்டினான். அறுத்து முடித்த கம்பங்காடு, காய்ந்த கொத்தவரை, அதற்கப்பால் வானம் வரைக்கும் மணல். “ஆடி ஆவணியில ரெண்டு மழ, அம்புட்டுத்தான். கெணறு வெட்டினா பாதாளம் வரைக்கும் போகணும். அந்த ரெண்டு மழைக்கே நம்ம எல செழிச்சு நிக்கி. ஆடுகூட வாய் வைக்காது.”

“ராத்திரி லாட்ஜுல படுங்க.”

“சரக்க விட்டுட்டா? காலையில வந்து பாத்தா எலைய உருவிட்டுப் பாதி குச்சியத்தான் கலந்து வச்சிருப்பானுவ.” மூக்கை உறிஞ்சினான். “பூண்டு மணக்கு. எவனோ சமைக்கான். குடுத்துவச்சவன்.”

குழம்பு பொங்குகிறது என்று அவள்தான் போனை வைத்தாள்.

மறுநாள் வீரபாகு எழுந்திருக்கவில்லை. கூட்டு வியாபாரியான அவன் தம்பி சிவப்பிரகாஷ் போய் உடலைக் கொண்டுவந்தான். மாரடைப்பு என்றுதான் எல்லோரிடமும் சொன்னான். தகனம் முடிந்த பிறகுதான் செல்லக்கனியிடம் உள்ளதைச் சொன்னான்.

“மைனி, அதே கிட்டங்கியில ஒரு மூலையில கிட்டங்கிக்காரன் சீரக மூடை அடுக்கியிருக்கான். பூச்சிக்கு மாத்திர போட்டுத் தார்ப்பாயால மூடியிருக்கான். அந்த மாத்திர விஷப்புகைக்குப் பூண்டு வாடதான். உள்ள படுக்காதன்னு கைச்சாடையில சொன்னோம்னு சொல்லுதானுவ. அண்ணனும் தலைய ஆட்டினாராம். கதவு தெறந்து கெடந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. உள்ள தாப்பாப் போட்டிருக்கு.”

கதவை ஏன் சாத்தினான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடியில் பொழுதடைந்தால் கடலிலிருந்து ஈரக்காற்று வரும். அது பட்டால் பச்சை இலை கறுத்துப்போகும். கறுத்த இலையைக் கப்பலுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு கிட்டங்கியைத் திறந்துபோடும் இலை வியாபாரி இந்த ஊரில் கிடையாது. அந்த மணல்காட்டில் கடலும் இல்லை, ஈரமும் இல்லை. அங்கே அடிக்கிற காற்று உதட்டை வெடிக்க வைக்கும், இலையை ஒன்றும் செய்யாது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? வாலிபத்திலிருந்து பழகிய கை, பொழுதடைந்ததும் சாத்திவிட்டது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்பே வீரபாகு வாங்கிய இலை லாரியில் வந்து இறங்கியது. ஏற்றுமதிக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். “என்ன பச்ச பாத்தீங்களா. அண்ணாச்சி கைராசி,” என்றார். துக்க வீடு என்று ஞாபகம் வந்து, சாப்பிடாமல் எழுந்து போனார்.

விசேஷம் முடிந்த கையோடு வடக்கேயிருந்து போன் வந்தது. இரண்டாம் அறுப்பு தயார். எப்போது வருகிறீர்கள்?

“நான் போறேன்,” என்றான் மகன் செந்தூர்வேல்.

“நீ போகாண்டாம்,” என்றாள் செல்லக்கனி. “எங்க அப்பா நெலம் விளாத்திகுளத்துல கெடக்குல்லா. அதுல போடு. வீட்டுல இருந்தே பாத்துக்கலாம்.”

“யம்மா, அத மாமா சோலாருக்கு விட்டாச்சு. தாத்தா காட்டுல இப்ப வெயிலத்தான் அறுக்காங்க.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்பிரகாஷ் செருமினான். “மைனி, நாம போகலன்னா அவனுவ வேற ஆளுக்குக் குடுத்துருவானுவ.”

“குடுக்கட்டும். அவன் பொண்டாட்டி அழுதுட்டுப் போறா.”

அவளுக்கே அந்தச் சொல் நாக்கில் கசந்தது. ஆனாலும் அதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான், தெரிந்த காடும் ஒன்றுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் பொங்கிய சோறெல்லாம் அந்த இலையில் வந்தது. அதை மகன் எடுத்துச் சொல்லாதது ஒன்றுதான் அவன் அவளுக்குக் காட்டிய இரக்கம்.

“சரி, போ. ஆனா லாட்ஜுலதான் படுக்கணும். சரக்கு கெட்டா கெட்டுப் போட்டும்.”

“சரிம்மா.”

“அப்பா போட்டோ மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினான். போனான்.

நாலாம் நாள் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டான். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் மூடைகள் தெரிந்தன.

“எங்கல இருக்க?”

“இன்னைக்கு ஒரு நாளுதாம்மா. லாரி நாளைக்கு வந்துரும். விட்டுட்டுப் போனா குச்சியக் கலந்துருவானுவ.”

அவள் திட்டவில்லை. திட்டினால் வைத்துவிடுவான்.

“கதவு?”

“தெறந்துதான் கெடக்கு. சீரகமெல்லாம் வித்துப் போச்சு. ஒரு மாத்திரையும் கெடையாது, நானே தேடிப் பாத்துட்டேன்.”

“போனச் சுத்திக் காட்டு.”

காட்டினான். மூடைகள், தராசு, தண்ணீர்க் குடம், ஒரு கயிற்றுக் கட்டில். அவள் மெதுவாகக் காட்டச் சொன்னாள். மறுபடியும் சுற்றிக் காட்டினான்.

“சன்னல் எங்கல?”

“இவனுவ வைக்க மாட்டானுவம்மா. வச்சா மணல் அடிச்சிருமாம்.”

“போன வைக்காத,” என்றாள். “பேசிட்டே இரு.”

அவன் விலை நிலவரம் பேசினான். அவள் போனில் தெரிந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் சுண்ணாம்பு அடித்த சுவர். சன்னல் இல்லை. காற்றுக்கு அந்தக் கதவு ஒன்றுதான்; பொழுதடைந்தால் அதைச் சாத்துகிற அப்பாவின் கைதான் அவனுக்கும்.