இடது பக்கம் இழுக்கும் வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணைக்கு ஓர் ஆளை அழைத்துப்போவது வழக்கம். அந்த ஆள் வாங்குகிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை. குறை சொல்ல வருகிறவர். வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, ‘ம்ஹும்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், விற்கிறவர் முகம் தொங்கிவிடும். விலையும் கூடவே இறங்கும். இறங்கியதில் ஒரு பங்கு குறை சொன்னவருக்கு.

காந்தம் இந்தத் தொழிலில் பேர்போனவர். சட்டைப்பையில் துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் எப்போதும் இருக்கும். தகரம் இருக்கும் இடத்தில் அது பிடித்துக்கொள்ளும். அடிபட்ட இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் வழுக்கிக் கீழே விழும். அதை வைத்தே அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும் என்று கிண்டல் செய்வார்கள். நியாயமாகச் சொன்னால், பழைய வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் தெரிந்ததையெல்லாம் சொல்ல மாட்டார், தெரியாததைச் சொல்லவும் கூச்சப்பட மாட்டார்.

அன்று அவரை அழைத்துப்போனவர் ஒரு மரச்சாமான் கடை முதலாளி. கடை வாசலில் ஒரு பழைய காரை நிறுத்தினால் கூட்டம் வரும், ஞாயிற்றுக்கிழமையானால் அதிலேயே ஊர்சுற்றவும் செய்யலாம் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். விற்கிறவர் மருந்துக்கடை வைத்திருந்து, வயதானதும் கடையை மூடியவர். மாடி வைத்த வீடு. பக்கவாட்டில் கார் ஷெட். உள்ளே வெள்ளைத் துணி போர்த்திய வண்டி.

மருந்துக்கடைக்காரர் துணியை மடித்து மடித்து எடுத்தார். கறுப்பு வண்டி. உருண்டை விளக்குகள், முகம் பார்க்கக்கூடிய பளபளப்பான பம்பர்.

காந்தத்துக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வெளியே முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பார்த்தார், கீல் ஆடவில்லை. மூடினார், ஒரே சத்தத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது. உள்ளே தலையை நீட்டி மோந்து பார்த்தார், ஈர வாசனை இல்லை. மிதியடியைத் தூக்கினார், தரையில் துரு இல்லை. குனிந்து முன் டயரில் கையை ஓட்டினார். உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. நேராகப் போகிற வண்டிக்குத்தான் அப்படித் தேயும். இவ்வளவு நல்ல வண்டியைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து, “ம்ஹும்” என்றார்.

“என்னங்க?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

காந்தம் சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வண்டியின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் பிடித்தது. இடது பக்க முன் மட்கார்டில் மட்டும் வழுக்கி விழுந்தது. நல்ல கை பார்த்த வேலை, கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

“இங்க அடிபட்டிருக்கே.”

“ஆமா, ஆமா. நானே சொல்லியிருக்கணும். ஒரு மதில்ல மோதிடுச்சு. ரொம்ப வருஷம் ஆச்சு. சின்ன அடிதான்.”

இத்தனையோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மட்கார்டுக்கு ஓரளவு விலை குறையும், முதலாளியும் சந்தோஷப்படுவார். ஆனால் காந்தத்துக்கு ஆள் முன்னால் பேச ஆரம்பித்தால் வாய் நிற்காது.

“மட்கார்டை விடுங்க, அதைத் தட்டி எடுத்துடலாம். சிக்கல் வேற. வண்டியோட முன்பக்கமே நேர்ல இல்ல. ஓட்டினா இடது பக்கம் இழுக்கும்.”

“மோதினதாலயா?”

“நீங்க தலைகீழா கேக்கறீங்க. மோதினதால இழுக்கல சார். இழுத்ததாலதான் மோதியிருக்கு. செய்யும்போதே வந்த கோளாறு. இதை எந்தக் கொம்பனாலயும் சரி பண்ண முடியாது.”

முதலாளி மீசைக்குள் சிரித்தார். காந்தத்துக்கே அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. இப்போது இவர் மறுப்பார், கெஞ்சுவார், பிறகு இறங்கி வருவார் என்று காத்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் மறுக்கவில்லை. மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட் சுவரில் சாய்ந்துவிட்டார்.

“இடது பக்கமா? நல்லா தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாமலா சொல்றேன்?”

“அப்படின்னா அவ சொன்னது நெசம்” என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

டீ கொண்டுவந்த அவர் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். அது அவருடைய அப்பாவின் வண்டி. அப்பாவுக்கும் ஓட்டத் தெரியாது, இவருக்கும் தெரியாது, இவர் தங்கைதான் ஓட்டுவாள். ஒருநாள் அப்பாவை முன் சீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு வரும்போது மதிலில் மோதிவிட்டது. அப்பாவின் இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை, படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். வண்டி தானாக இடது பக்கம் இழுத்தது என்று தங்கை சொன்னாள். தூங்கிக்கொண்டே ஓட்டினாய், அப்பாவைப் படுக்கையில் தள்ளியது நீதான் என்று அண்ணன் சொன்னார். அன்றிலிருந்து அண்ணன் கீழே, தங்கை மாடியில். பேச்சு இல்லை. ஏதாவது சொல்லவேண்டும் என்றால், ‘மேல சொல்லிடு’ என்பார் இவர், ‘கீழ சொல்லிடுங்க அண்ணி’ என்பாள் அவள்.

“நடுவுல நான் தபால்காரி வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று அந்த அம்மாள் சிரிக்கப் பார்த்தாள். “இப்ப இந்த வண்டியை விக்கறதே மேல கூரை ஒழுகுதுன்னுதான். அவ கேக்கல. இவரே ராத்திரி சொட்டுற சத்தத்தைக் கேட்டுட்டு முடிவு பண்ணினார்.”

காந்தம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ‘சும்மா விலைக்காகச் சொன்னேன் சார்’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டிய நேரம் அதுதான். சொல்லலாமா என்று அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணைக் காட்டி, விடாதே என்றார். அதற்குள் மருந்துக்கடைக்காரர் மாடிப்படி அடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

“சின்னவளே! கொஞ்சம் கீழ வா.”

அவர் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கடைசியில், நரைத்த தலையை அள்ளி முடிந்தபடி ஒரு பெண்மணி படிக்கட்டில் நின்றாள். முழுக்க இறங்காமல் கடைசிப் படியிலேயே நின்றாள்.

“வண்டியை விவரம் தெரிஞ்சவர் பாத்தார்மா” என்றார் அண்ணன். “இழுக்கும்ங்கிறார். செய்யும்போதே கோளாறாம். நீ அன்னைக்கே சொன்னே. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல நான். உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்பு என்மேலதான்.”

கை கூப்பிவிட்டார். வயதில் மூத்தவர், முன்பின் தெரியாத ரெண்டு பேர் முன்னால், தங்கையைப் பார்த்துக் கை கூப்பினார்.

தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை. காந்தத்தைப் பார்த்தாள். “இழுக்குதா?” என்று கேட்டாள். கேட்ட விதத்தில் சந்தோஷம் இல்லை, ஆச்சரியம் இருந்தது.

“இழுக்கும்” என்றார் காந்தம்.

“ஓட்டிக் காட்டுங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். “நான் கண்ணால பாக்கணும். அவளும் வரட்டும்.”

மாதம் ஒருமுறை பக்கத்து வீட்டுப் பையன் வந்து தெருமுனை வரை ஓட்டி வைக்கிற வண்டி, சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. மக்கர் செய்யக்கூடாதா என்று காந்தம் வேண்டிக்கொண்டது வீணாயிற்று. தங்கை, அன்று அப்பா உட்கார்ந்த முன் சீட்டில் ஏறினாள். அண்ணன் பின்னால். முதலாளி தொலைபேசியில் பேசிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

தெருவைத் தாண்டியதும் அகலமான, ஆளில்லாத சாலை. வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று.

“இப்ப கையை விடுங்க” என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

காந்தம் கையை எடுத்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. அண்ணன் மூச்சு விடாமல் எட்டிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பழைய வண்டிகளின் ஸ்டீயரிங் பெரியது, தொடையில் இடிக்கும். காந்தம் இடது முழங்காலைத் தூக்கி ஸ்டீயரிங்கின் அடியில் முட்டுக் கொடுத்து மெல்லத் தள்ளினார். இரண்டு கையும் அந்தரத்தில் இருக்க, ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. வண்டி இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஓரத்து மண்ணுக்கு வந்துவிட்டது.

இரக்கத்தால் செய்தார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பாதி அதுதான். மீதிப் பாதி, பிடிபட்டுவிடுவோமே என்ற பயம்.

“பாத்தியா? பாத்தியா சின்னவளே?” பின்னாலிருந்து குரல் உடைந்தது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். “நீ சொன்னதுதான் சரி. நான் பாவி.”

சின்னவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஸ்டீயரிங்கை இல்லை. அவள் கண் காந்தத்தின் முழங்காலில் இருந்தது.

காந்தத்துக்கு உடம்பு கூசிப்போயிற்று. இத்தனை காலம் எத்தனையோ பேர் கண்ணுக்கு நேராக அளந்துவிட்டிருக்கிறார். ஒருவர்கூட அப்படிப் பார்த்ததில்லை. காலை இறக்கினார், கையை ஸ்டீயரிங்கில் வைத்தார். வீடு வரும்வரை பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வண்டி நின்றதும் அண்ணன் இறங்கி, மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினார். தங்கை இறங்கவில்லை.

“முழங்கால் வலிக்குதா?” என்றாள்.

காந்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

“எதுக்காகச் சொன்னீங்க?”

“விலையைக் குறைக்கத்தாம்மா. எல்லா வண்டிக்கும் ஏதாவது சொல்றதுதான்.”

“அவ்வளவுதானா?” என்றாள். “நீங்க சொன்னதைக் கேட்டதும், ஒருவேளை நெசமாவே இழுத்திருக்குமோன்னு எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துடுச்சு. வண்டி அன்னைக்கு இழுக்கல. நான்தான் கண்ணசந்துட்டேன். அண்ணா சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல. ஆனா அப்பா வலியில கத்திட்டு இருக்கும்போது எல்லார் முன்னாடியும் வெச்சுச் சொன்னார். எனக்கு வேற எதுவும் வாயில வரல. வண்டி மேல பழியைப் போட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல.”

உள்ளே அண்ணன் குரல் கேட்டது. இனிமேல் அவளுக்கும் சேர்த்துக் கீழேயே சமை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரியாகப் பேசியவர் அழுகிறார், மன்னிப்புக் கேட்கிறார், தான் பாவி என்கிறார். காந்தத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

“நான் போய் உண்மையைச் சொல்லிடறேம்மா. என் பொய்யை நான்தானே சொல்லணும்.”

“சொல்லுங்க. உங்க பொய்யைச் சொன்னா என் பொய்யும் கூடவே வெளிய வரும். அதையும் நீங்களே சொல்லிடுவீங்களா?” அவள் கதவைத் திறந்தாள், காலைக் கீழே வைக்கவில்லை. “சின்னவளேன்னு கூப்பிட்டார். இனிமே கூப்பிட மாட்டார்னு நினைச்சிருந்தேன். என்னிக்காவது நானே சொல்லணும். இன்னைக்குத் தெம்பு இல்ல.”

இறங்கிப் போய்விட்டாள்.

விலை பேசவேண்டிய வேலையே இருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தானே பாதியாகக் குறைத்துவிட்டார். “கெட்டுப்போன மாத்திரையை நான் ஒருநாளும் முழு விலைக்கு வித்ததில்ல” என்றார். முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள் என்று காந்தம் அவரை ஓரமாக இழுத்துச் சொல்லிப் பார்த்தார். “உங்களுக்கு என்ன ஆச்சு, நீங்க யார் பக்கம்?” என்று கேட்டுவிட்டு அவர் பணத்தைக் கொடுத்தார். அந்தப் பணத்தில் பாதிக் கூரைதான் மாறும். எந்தப் பாதியின் கீழே அவள் படுக்கிறாளோ என்று காந்தம் நினைத்துக்கொண்டார்.

புறப்படும்போது அண்ணனும் தங்கையும் வாசல் கேட் அருகே ஒன்றாக நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் ஜன்னலில் குனிந்து காந்தத்தின் கையைப் பிடித்தார்.

“நீங்க நல்லா இருக்கணும். இத்தனை வருஷமா யாரும் சொல்லல, நீங்க வந்து சொன்னீங்க. பாத்துப் போங்க, இடது பக்கம் இழுக்கும். எதுக்கும் கையை விட்டுடாதீங்க.”

அவருக்குப் பின்னால் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காந்தமும் தரையைத்தான் பார்த்தார்.

வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் அண்ணன் கழுத்தை நீட்டி, கவலையோடு பார்த்துக்கொண்டே இருந்தார். காந்தம் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி, வலது பக்கமாகத் தோளைச் சாய்த்து, இழுக்கிற வண்டியை அடக்கி ஓட்டுகிறவர் போலவே தெருவைக் கடந்தார். தெரு திரும்பி, வீடு மறைந்து, அகலச் சாலை வந்த பிறகும் அப்படியே ஓட்டினார்.

“யாரும் பாக்கலையே, இன்னும் எதுக்கு நடிப்பு?” என்று சிரித்தார் பக்கத்து சீட்டில் இருந்த முதலாளி. “கையை விடுங்க, எப்படி நேரா போகுதுன்னு நான் பாக்கணும்.”

காந்தம் கையை எடுக்கவில்லை.