பன்னிரண்டு நாள் முந்தி வந்த தண்ணீர்

அந்த நோய் பரவிய முதல் முழுக் குளிர்காலத்தில், ஜனவரி மாதத்திலிருந்து, எங்கள் பெஷ்காட்டா ஊரின் கழிவுநீர் பன்னிரண்டு நாள் முன்னதாகவே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர ஆரம்பித்தது. பதினாறாம் தேதி காலையில் நாங்கள் குளித்துக் கொட்டப்போகிற தண்ணீர், நான்காம் தேதி காலையிலேயே குழாய் வழியாக வந்துவிட்டது. நிலையத்தைப் பார்த்துக்கொண்ட ஹார்லன் ப்ரஸ்கிக்கு முதலில் இது பிடிபடவில்லை. கழிவுநீர் தன் தேதியை முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. நுழைவாயில் கம்பிச் சல்லடையில் குப்பை வாரும்போது அவனுக்குத் தன் அக்கா வெர்னீஸின் காது மிஷின் கிடைத்தது. சிவப்பு நகப்பூச்சால் அவள் போட்டிருந்த புள்ளி அதில் அப்படியே இருந்தது. கழுவித் துடைத்து அவள் வீட்டுக்கு எடுத்துப் போனால், அதே மிஷின், அதே சிவப்புப் புள்ளியோடு, அவள் காதில் இருக்கிறது. "அந்த நாத்தத்துல வேலை பாத்து மூக்குதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியும் போச்சாடா?" என்று கேட்டுவிட்டு அதை வாங்கி இழுப்பறையில் போட்டாள் வெர்னீஸ். பன்னிரண்டாம் நாள் அவள் குனிந்தபோது காதிலிருந்தது கழன்று கழிவறைக்குள் போய்விட்டது. இழுப்பறையில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது ஃபுட்பால் இறுதிப் போட்டியால். வருஷா வருஷம் அந்த ஆட்டத்தின் இடைவேளையில் ஊரே ஒரே நேரத்தில் கழிவறைக்கு எழுந்து போகும். நிலையத்தின் அளவுமானியில் முள் எகிறிக் குதிக்கும். அந்த வருஷம் ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, யாரும் எதையும் பார்த்துக்கொண்டிருக்காத நேரத்தில், முள் எகிறியது. ஹார்லன் நாள்காட்டியை எடுத்து விரல்விட்டு எண்ணினான். ஆட்டம் நடக்கும் ஞாயிறுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மதுக்கடையில் இதைச் சொன்னபோது எல்லோரும் அவனிடம் எந்த அணி ஜெயிக்கும் என்றுதான் கேட்டார்கள். அது தண்ணீருக்குத் தெரியாது, ஆனால் முதல் பாதியில் ஒருத்தரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை, ஆட்டம் இழுபறிதான் என்றான். அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் முந்தி வருவதை, ரயில் பிந்தி வருவதைப்போல, நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

தினமும் காலையில் ஹார்லனிடமிருந்து, சோதனைக்காகக் கழிவுநீர் பிடித்து வைத்த புட்டியை வாங்கிப் போகிறவள் பா ஹூவா தாவ். லாவோஸ் மலைகளிலிருந்து வந்து இந்த ஊரில் வேர்விட்ட மோங் குடும்பத்துப் பெண். எங்கள் பள்ளிக்கூடத்து வாலிபால் அணியில் பேர் வாங்கியவள். நோய் எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போகும், மருத்துவமனையில் எத்தனை கட்டில் வேண்டும் என்று கணித்துச் சொல்வதுதான் எங்கள் மாவட்டமான கவுண்டியின் சுகாதார அலுவலகத்தில் அவள் வேலை. அந்த மாதங்களில் மேலதிகாரியே நோயில் படுத்திருந்ததால் கையெழுத்துப் போடும் அதிகாரமும் அவள் தலையில் விழுந்திருந்தது. உலகமெங்கும் அந்த வேலை செய்தவர்கள் போன வாரத்தைப் பார்த்து வருகிற வாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பா ஹூவா கையில் வருகிற வாரமே புட்டியில் இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் புட்டியில் நோய்க்கிருமி மூன்று மடங்காக இருக்கக் கண்டு, அவள் வானொலியில் பேசினாள். பள்ளியும் மதுக்கடைகளும் இரண்டு வாரம் மூடப்பட்டன. நாங்கள் பயந்து வீட்டுக்குள் கிடந்தோம். பன்னிரண்டாம் நாள் வந்தது. ஒரு கட்டில்கூட நிரம்பவில்லை. பா ஹூவா உறைபெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த புட்டிகளை எடுத்து மறுபடி சோதித்தாள். தண்ணீர் சுத்தமாக இருந்தது. அவள் நோட்டுப்புத்தகத்தில், அவள் கையெழுத்திலேயே, சின்னச் சின்ன எண்கள் இருந்தன. சொன்னதைக் கேட்டு ஊர் நடந்துகொண்டால், வந்து சேர்ந்த தண்ணீரே பின்னோக்கி மாறிவிடுகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று மடங்கு என்பது அவள் ஞாபகத்திலும் ஹார்லன் ஞாபகத்திலும் மட்டும் மிஞ்சியது.

கவுண்டிக் கூட்டத்தில் தலைவர் கோர்டி பெல்ட்ஸ் அவளை எழுப்பி நிற்க வைத்தார். அவருக்கே இரண்டு மதுக்கடைகள் உண்டு. "ஏம்மா, தண்ணிதான் முன்னாடி வருது, அதை நாங்களும் ஒத்துக்கறோம். நோய் எங்கம்மா? வழியில எறங்கிடுச்சா?" என்றார். கூடம் அதிரச் சிரித்தோம். நானும் சிரித்தேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. பா ஹூவா காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு அவள் எண்களை மேலிடத்துப் படிவம் கேட்கிறபடியே நிரப்பி அனுப்பினாள். அந்தப் படிவம் ஒற்றை நாளின் எண்ணைக் கேட்காது. ஏழு நாள் சராசரியைத்தான் கேட்கும். ஏழு நாளில் ஒரு நாள் மலையளவு உயர்ந்தாலும் சராசரியில் அது சின்ன மேடாகத்தான் தெரியும். அந்த மேட்டுக்குப் பின்னால் அவள் ஒளிந்துகொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்ச்சில் தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் புனித காசிமிர் தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து: பீர் கலந்த மாவில் தோய்த்து வறுத்த ஏரி மீன், ரை ரொட்டி, முட்டைக்கோஸ் சாலட், தோளோடு தோள் இடிக்கும் நீள மேசைகள். ஒரு வருஷமாகப் பொட்டலம் கட்டிக் காருக்குள் நீட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த வெள்ளி கூடத்தைத் திறப்பது என்று முடிவானதும் ஊருக்கே உயிர் வந்தது. அறுநூறு பவுண்டு மீன் வந்திறங்கியது. வறுக்கிறவள் வெர்னீஸ், எழுபத்து நாலு வயது, முப்பத்தோரு வருஷமாக அந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறவள். விருந்துக்கு முந்தைய சனிக்கிழமை வந்த புட்டியில் கிருமி எட்டு மடங்காக இருந்தது. விருந்து முடிந்து ஆறாம் நாள் ஊர் கழிக்கப்போகிற தண்ணீர் அது. பா ஹூவா திங்கட்கிழமை அதை ஏழால் வகுத்து அனுப்பினாள். வரைபடத்தில் கோடு கொஞ்சம் நிமிர்ந்து, அவ்வளவில் நின்றது.

செவ்வாய்க்கிழமை ஹார்லன் ஒரு விளக்கைப் பார்த்தான். வெர்னீஸின் வீடு ஆற்றோரத்தில் பள்ளத்தில் இருக்கிறது. அவள் வீட்டுத் தண்ணீரை மேலேற்ற அந்த வீட்டுக்கு மட்டும் தனிப் பம்பு உண்டு. பம்பு ஓடினால் நிலையத்துப் பலகையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். தண்ணீரோடு சேர்ந்து அந்த விளக்கும் பன்னிரண்டு நாள் முந்தித்தான் எரிந்துகொண்டிருந்தது. அன்று முழுவதும் அது எரியவில்லை. தன் தினசரி நோட்டிலும் அப்படியே எழுதினான். விருந்து முடிந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டில் யாரும் முகம் கழுவப்போவதில்லை. அக்கா அன்று மருத்துவமனையில் இருப்பாளா, மண்ணுக்குள் இருப்பாளா என்பதை விளக்கு சொல்லவில்லை. ஹார்லனுக்கு மனைவி மக்கள் கிடையாது. உலகத்தில் அவனை டேய் என்று கூப்பிட மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வறுக்கப் போகாதே."

"நான் போகலன்னா யாருடா வறுப்பா? கோர்டியா? அவனுக்கு பீரைக் குடிக்கத்தான் தெரியும், மாவுல ஊத்தத் தெரியாது."

"அடுத்த ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு உன் வீட்டு விளக்கு எரியல."

"எங்கயாவது ஊருக்குப் போயிருப்பேன்."

"முப்பது வருஷமா நீ எந்த ஊருக்குப் போன?"

அவள் தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, போகல. போதுமா? மூஞ்சியைத் தொங்கப் போடாதே" என்றாள். ஹார்லன் நிலையத்துக்குத் திரும்பி வந்து பலகைக்கு முன்னால் குனிந்தான். விளக்கு எரியவில்லை. தொலைபேசியை எடுத்து, "பொய் சொல்லாதே அக்கா" என்றான். "எப்படிடா கண்டுபிடிச்ச?" என்றாள். புதன்கிழமை மறுபடியும் போய், செத்துப்போன அத்தானின் படத்தின் மேல் அவளைச் சத்தியம் செய்ய வைத்தான். திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் எரிந்தது. ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அது அணைந்தது. அந்த நேரத்தில் வெர்னீஸ், மீன் பனி இளகிவிட்டதா என்று சும்மா ஒரு பார்வை பார்க்கக் கூடத்துக்குப் போயிருந்தாள் என்று பின்னால் தெரியவந்தது. அவளைக் காரில் ஏற்றி எங்காவது கொண்டுபோய்ப் பூட்டி வைக்கலாமா என்றுகூட ஹார்லன் யோசித்தான். ஆனால் அவள் ஓங்கி ஒன்று வைத்தால் அவன் தாங்கமாட்டான்.

வியாழக்கிழமை காலை புட்டி வாங்க வந்த பா ஹூவாவிடம் அவன் புட்டியைக் கொடுக்கவில்லை.

"சனிக்கிழமைத் தண்ணியில என்னம்மா இருந்துச்சு?"

"எட்டு மடங்கு."

"படிவத்துல?"

"ஏழு நாள் சராசரி." அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

ஹார்லன் கோபப்படவில்லை. அவளைப் பலகைக்கு முன்னால் கூட்டிப்போய் அணைந்த விளக்கைக் காட்டினான். "இது எங்க அக்கா வீடு" என்றான். பா ஹூவா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"நான் சொன்னா இது நடக்காது ஹார்லன். நடக்கலன்னா நான் சொன்னது பொய்யாயிடும். புட்டி மாறிடும், உங்க நோட்டு மாறிடும். இந்தத் தடவை என்னை விடமாட்டாங்க. உங்க அக்காவே என்னைத் திட்டுவாங்க."

"திட்டுவா. நல்லாவே திட்டுவா."

"திட்டுறதுக்கு இருப்பாங்க இல்ல" என்றாள் பா ஹூவா. பையிலிருந்து ஆணைத் தாளை எடுத்து, குழாய்களுக்கு நடுவில் நின்றபடியே, சராசரியை எழுதாமல் சனிக்கிழமையின் ஒற்றை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கூடம் மூடப்பட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆணையைத் தேவாலயக் கதவில் ஒட்டினார்கள். பன்னிரண்டு மணி நாலு நிமிஷத்துக்கு நிலையத்துப் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. ஹார்லனின் நோட்டில் செவ்வாய், புதன் தேதிகளுக்கு எதிரே அவன் எழுதியிருந்த "எரியவில்லை" என்ற சொல், அவன் கையெழுத்திலேயே "எரிந்தது" என்றிருந்தது. பா ஹூவாவின் புட்டி தெளிந்துவிட்டது. ஹார்லன் கழிவுநீர்த் தொட்டியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

விருந்து நடக்கவில்லை, ஒருத்தருக்கும் நோய் வரவில்லை, எங்கள் கோபத்துக்கு அளவும் இல்லை. பனி இளகிப்போன அறுநூறு பவுண்டு மீனை வைத்து என்ன செய்வது? அதில் பாதியைக் கொண்டுபோய் சுகாதார அலுவலகத்து வாசலில் கொட்டினோம். முன்னால் நின்று கொட்டியது வெர்னீஸ். "பூச்சாண்டி காட்டியே பொழப்பு நடத்துறியாடி?" என்று அவள் போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. ஏப்ரல் கூட்டத்தில் பா ஹூவாவின் புட்டிகளையும் நோட்டையும் மேசைமேல் வைத்து ஆராய்ந்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தன. அவளை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஹார்லன் எழுந்து, விளக்கு அணைந்திருந்தது, நான் பார்த்தேன் என்றான். நோட்டைக் காட்டச் சொன்னார்கள். அதில் எரிந்தது என்றிருந்தது. கடைசி நாள் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு அவள் நிலையத்துக்கு வந்தாள். "விளக்கு எரியுதா?" என்று மட்டும் கேட்டாள். "எரியுதும்மா" என்றான் அவன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

மறு வருஷம் தவக்காலத்தில், நோய் தணிந்தபின், கூடத்தைத் திறந்தோம். இரண்டாம் வெள்ளிக்கிழமை பா ஹூவா வந்து வரிசையில் நின்றாள். இப்போது அவள் பலசரக்குக் கிடங்கில் இருப்பு பார்க்கிறாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சட்டிக்கு முன்னால் வெர்னீஸ், காதில் சிவப்புப் புள்ளி வைத்த மிஷினோடு, கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "பயமா இருந்தா வீட்டுலயே இருக்க வேண்டியதுதானே" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பா ஹூவா, எண்ணெய் தெறித்துத் தழும்பேறிய அந்தக் கிழவியின் கை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. வெர்னீஸ் அதைத் தன் பேச்சு சுட்டதாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் சங்கடப்பட்டாள். பிறகு கூப்பிட்டு இன்னொரு துண்டு மீனை வைத்தாள். ஓரத்து மேசையில் ஹார்லன் பா ஹூவாவுக்காக இடம் பிடித்து வைத்திருந்தான். அன்றைக்குக் கழுவப்போகிற பாத்திரங்களின் எண்ணெய்த் தண்ணீர் பன்னிரண்டு நாள் முன்பே வந்து, சுத்தமாகி, ஆற்றில் கலந்து போயிருந்தது.