பன்றிக்குத் தொற்றாத காமாலை

மனைவி மங்களம் இறந்து ஐந்து வருஷமாகியும் பத்துமலைக்கு அவள்மேல் இருந்த கோபம் தீரவில்லை. அவள் வேண்டும் என்கிற தவிப்பும் தீரவில்லை. ஈப்போவில், புந்தோங் பக்கம் அவன் தங்கியிருந்த வாடகை அறையில் இரண்டும் அவனோடே குடியிருந்தன.

எழுபத்தொன்பதில் எஸ்டேட்டில் வெள்ளம் வடிந்து ஒரு மாசத்தில் அவளுக்குக் கண் மஞ்சளானது. அப்போது வயிற்றில் ஏழு மாசம். லயத்து வரிசைவீடுகளில் இன்னும் ஆறு பேருக்குக் காமாலை கண்டது. அவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். மங்களம் தேறவில்லை.

லயத்துக்குப் பின்னால் அவள் நாலு பன்றி வளர்த்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு தினமும் கொட்டகையைக் கழுவிவிடுவாள். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நின்று பத்துமலை கத்தினான்.

"பன்னிகிட்டதான் இந்தச் சீக்க வாங்கியிருக்கே. எத்தன வாட்டி சொன்னேன், கேட்டியா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் வெளியே போய்விட்டான். திரும்பி வந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை. அடுத்த வாரமே பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான்.

ஈப்போ ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அம்பிகை அப்போதே அவனிடம் கேட்டிருந்தாள். "இது காமாலையில ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. என்ன கிருமி எண்டு தெரியேல்ல. மங்களத்திட்ட எடுத்த மாதிரிகளை ஐஸில வைக்கலாமோ?" அவன் தலையாட்டினான். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபின் மார்பிள் பட்டறையில் சேர்ந்தவன், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அவளைப் போய்ப் பார்த்தான். பன்றிதான் காரணம் என்று அவள் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

எண்பத்துநாலில் ஒருநாள் அம்பிகை அவனை உட்காரச் சொன்னாள்.

"அந்த மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினன், பத்துமலை. அங்க ஒரு குரங்குக்குக் குடுத்திருக்கினம். அதுக்குக் காமாலை வந்திட்டுது. பன்றிக்குட்டிகளுக்கும் குடுத்துப் பார்த்தவை. ஒண்டுக்கும் ஒண்டும் ஆகேல்ல."

"பன்னிக்கு ஒட்டலியா?"

"இல்லை. ஒரு உடம்பில வாழப் பழகின கிருமி எல்லா உடம்பிலயும் பிழைக்காது. சிலது கொஞ்சம் கொஞ்சமா மாறி வேற உயிருக்கும் தாவும். நாளைக்கு இதுகூடத் தாவலாம். ஆனா மங்களத்துக்கு வந்தது பன்றியில பிழைக்கிற கிருமி இல்லை."

"பின்ன எப்படிம்மா வந்துச்சு?"

"தண்ணியாத்தான் இருக்கும். வெள்ளத்தில கக்கூஸ் எல்லாம் ஆத்தோட கலந்திருக்கும். வயித்தில பிள்ளை இருந்ததாலதான் அவவுக்கு மட்டும் கடுமையாப் போட்டுது. அந்த நாட்களில என்ன தண்ணி குடிச்சவ?"

வெள்ளத்தில் பைப் உடைந்திருந்தது. மங்களம் நடக்கக் கூடாதென்று அவனேதான் தோளில் காண்டாக் கம்பு வைத்து ஆற்றுத்தண்ணீர் சுமந்து வந்தான். காலையில் இரண்டு வாளி, சாயந்திரம் இரண்டு வாளி. விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் காய்ச்சவில்லை.

"ஆத்துத்தண்ணிதாம்மா. நான்தான் தூக்கியாந்தேன்" என்றான்.

"உங்களுக்குத் தெரியாது. அப்ப எங்களுக்கே தெரியாது" என்றாள் அம்பிகை.

மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு எஸ்டேட்டுக்கு பஸ் ஏறினான். ரப்பர் பால்மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்திருந்தது. இடுகாட்டில் லாலாங் புல் நெஞ்சளவு நின்றது. அவள் புதைமேட்டில் ஊன்றிய பலகையைக் காணோம். அரைமணி நேரம் தேடிவிட்டு, இங்கேதான் எங்கோ இருப்பாள் என்று புல்லை மிதித்து உட்கார்ந்தான்.

"பன்னி இல்லடி, தண்ணி" என்றான். "ஒன்னையப் போட்டு ஏசிட்டேன்."

அதைச் சொல்லத்தான் வந்தான். சொன்னபிறகும் எழ மனம் வரவில்லை. பட்டறைத் தூசியைப் பற்றிச் சொன்னான். அறையில் வெயில் அடிக்கும் பக்கத்தைச் சொன்னான். பிள்ளை பிழைத்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போகும் வயசு என்றான். ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவன் பேசிக்கொண்டிருந்தான்.