சனிக்கிழமை பெங்களூர்

ஆன்லைனில் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பூங்கோதைக்கு இரண்டு வாத்தியார்கள். ஒருவர் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்தார். இன்னொருவர் ஷார்ஜாவிலிருந்து போனில் திட்டினார். இரண்டாவது வாத்தியார் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அன்புச்செல்வன்.

பி.காம். முடித்துவிட்டு, விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவள் அவள். இந்தப் படிப்பை முடித்துக் கடைசிப் பரீட்சையிலும் தேறிவிட்டால் புதுச்சேரியில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மூக்குக்குள் ஏறும் அந்த வெள்ளைத் தூசியிலிருந்து தப்பிக்க அவளுக்கு வேறு வழியே இல்லை. படிப்புக்குப் பணம் கட்டியது அண்ணன்தான். அதுவரைக்கும் நல்லவன்தான்.

பணம் கட்டியவருக்கு வாராவாரம் மெயிலில் ஓர் அறிக்கை போகும் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்தத் தளம் பாடம் மட்டும் நடத்தவில்லை, வேவும் பார்த்தது. எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் படித்தாள், எப்போது மௌசை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள், எல்லாம் கடல் தாண்டிப் போனது.

"வியாழக்கெழம பாதியில எழுந்து எங்க போன?"

"கரன்ட்டு போயிடுச்சுண்ணே."

"ஒனக்குன்னு பாத்து தெனமும் போவுதா?"

2008-இல் நம் ஊரில் கரன்ட் எப்போது இருந்தது என்று கேட்டால் அதுதான் சரியான கேள்வி. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதை யார் விளக்குவது?

வினை வேறு இடத்தில் இருந்தது. அந்தத் தளம், தன்னைத் திறக்கும் கம்ப்யூட்டருக்குள் குக்கீ என்று ஒரு சின்ன அடையாளத்தைப் போட்டு வைக்கும். மறுநாள் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அடையாளத்தைப் பார்த்து, தெரிந்த பிள்ளைதான் என்று பேசாமல் உள்ளே விட்டுவிடும். அடையாளம் இல்லையென்றால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். புதுக் கம்ப்யூட்டர் என்று குறித்துக்கொண்டு, இன்டர்நெட் இணைப்பை வைத்து இன்ன ஊர் என்று குத்துமதிப்பாக ஒரு பெயரையும் எழுதி வைக்கும்.

கடைவீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சக்கரபாணிக்கு ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கடையைக் கழுவி, எல்லா மானிட்டருக்கும் விபூதிப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டுவார். அதோடு விடமாட்டார். கம்ப்யூட்டருக்குள் சேர்ந்திருக்கும் குப்பை என்று குக்கீகளையும் சேர்த்து வழித்துப் போட்டுவிடுவார். "வெள்ளிக்கெழம பழசு எதுவும் தங்கக்கூடாது" என்பார்.

ஆக, சனிக்கிழமை தோறும் ஷார்ஜாவுக்கு ஒரே சேதி போனது. புதுக் கம்ப்யூட்டர். இடம், பெங்களூர். விருத்தாசலத்து இணைப்பை ஏன் பெங்களூர் என்று நினைத்தது என்பது அதற்கே வெளிச்சம்.

அன்புச்செல்வன் அம்மாவுக்குப் போன் போட்டான். அம்சவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. "நாலு மணிக்குப் போனா, ஆறு மணிக்கு வூட்டுக்கு வந்துட்டாளேப்பா. அதுக்குள்ள பெங்களூருக்கு எப்புடிடா போவ முடியும்?"

"அவ போவலம்மா. அங்க எவனோ ஒருத்தன் இவ பாஸ்வேர்ட வச்சிக்கிட்டு தொறக்குறான். சனிக்கெழம சனிக்கெழம தொறக்குறான். எவன்னு கேளு."

அம்மா கேட்டாள். முதலில் வாயால் கேட்டாள், பிறகு துடைப்பத்தால் கேட்டாள். பூங்கோதைக்குப் பெங்களூரில் ஒரு நாயைக்கூடத் தெரியாது. தெரியாத ஆளின் பெயரை எங்கிருந்து சொல்வாள்? சொல்லாததே அழுத்தம் என்று ஆகிவிட்டது.

"சக்கரபாணி அண்ணன கேளுங்க. சனிக்கெழம நான்தான் அங்க உக்காந்துருந்தேன்" என்று கெஞ்சினாள். அன்புச்செல்வன் அவருக்கும் போன் போட்டான். எடுத்ததும், "என் தங்கச்சிக்கு நீதான் தூது போறியா?" என்று ஆரம்பித்தான். பொம்பளைப் பிள்ளைகள் வந்து போகிற கடை. பேர் கெட்டால் பிழைப்பு போச்சு. சக்கரபாணி, "எத்தினியோ பேரு வராங்க தம்பி. யாரு என்னிக்கி வந்தாங்கன்னு நான் எதக் கண்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவளை வாராவாரம் பார்த்து, "வாம்மா, ரெண்டாம் நம்பருல உக்காரு" என்று சொன்ன அதே வாய். படுபாவி.

கடைசிப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அவளை வீட்டை விட்டு வெளியே அனுப்பவில்லை. விஷயம் வெளியே கசிவதற்குள் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று திட்டக்குடியில் முதல் தாரம் செத்துப்போன சிமென்ட் கடைக்காரர் ஒருவரைப் பேசி முடித்தார்கள். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று.

அன்புச்செல்வன் லீவில் வந்து இறங்கினான். மறுநாள் சனிக்கிழமை. "மொத வேலையா அந்த ஆன்லைன் கணக்க மூடணும். கல்யாணத்துக்கப்புறம் அந்தப் பெங்களூர்க்காரன் எதுனா எழுதித் தொலச்சா மானம் போயிடும்" என்று அவளை இழுத்துக்கொண்டு சக்கரபாணி கடைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்கித்தான் பரீட்ச. அத மட்டும் எழுதிக்கிறேன். அப்பறம் நீ சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன்."

"பாஸ்வேர்ட சொல்லு."

சொன்னாள். அவனே தட்டினான். விபூதி காயாத திரையில் பக்கம் திறந்தது. மேலே மஞ்சள் பட்டையில் ஒரு வரி வந்தது: புதிய கணினியிலிருந்து நுழைந்திருக்கிறீர்கள். இடம், பெங்களூர்.

பூங்கோதை அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணே, பாரு! இப்ப நீயே பெங்களூர்லதான் உக்காந்துருக்க!"

அவன் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். படித்தவன், புரியாமல் இல்லை. வாசலில் திட்டக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டார். அன்புச்செல்வனின் காது மடல் சிவந்தது. தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பத்திரிகை வாங்கிய அத்தனை பேரிடமும், முக்கியமாக அம்மாவிடமும், அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"மூடுறது எங்க இருக்குது?" என்று சக்கரபாணியைக் கேட்டான்.

அவர் விரல் நீட்டிக் காட்டினார். ஏன் விலகுகிறீர்கள் என்று தளம் கேட்டது. ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்பதை அவன் தேர்ந்தெடுத்து அழுத்தினான். அவள் பெயர் திரையிலிருந்து போய்விட்டது.

வீட்டு வாசலிலேயே அம்சவல்லி நின்றிருந்தாள். சனிக்கிழமை நாலு மணிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பிய மகளைத் தன் கண்ணால் பார்த்தவள்தானே. மனசின் ஒரு ஓரத்தில் இன்னும் நம்பிக்கை வைத்திருந்தாள். "என்னப்பா காட்டுச்சு?" என்றாள்.

"பெங்களூருதான்" என்றான் அன்புச்செல்வன்.

"நம்ம ஊருல உக்காந்து, அண்ணனே தொறந்தாம்மா! அப்பயும் அதான் காட்டுச்சு!"

"இன்னுமாடி பொய் சொல்லுற?" அம்மா ஓங்கி அறைந்தாள். பூங்கோதை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் குழாயடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்து, துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "பந்தலுக்கு ஆள் சொல்லியாச்சாம்மா?" என்று கேட்டான்.